பிசியோதெரப்பி (ஆய்விதழ்)

பிசியோதெரப்பி என்பது இயன்முறை மருத்துவத் துறைக்குரிய ஓர் ஆய்விதழ் ஆகும். ஐக்கிய இராச்சியத்தின் இயன்முறை மருத்துவப் பட்டயச் சங்கம் இதனை 1915 ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வருகிறது. இதன் 100 ஆவது தொகுதி 2014 ஆம் ஆண்டில் வெளிவந்தது. தொழிற்சங்கம் ஒன்றின் சார்பில் தொடர்ந்து வெளிவரும் இயன்முறை மருத்துவ இதழ்களுள் இது மிகப் பழமையானவற்றுள் ஒன்றாகும்.

இவ்விதழ் தன் வரலாற்றில் மூன்று முறை பெயர் மாறியுள்ளது. ஒவ்வொரு பெயர் மாற்றமும் இயன்முறை மருத்துவர்கள் யார், அவர்கள் எதைச் செய்யலாம், யாருடைய ஆணையின் கீழ் செய்யலாம் என்ற கேள்விகளுக்கு அந்தந்தக் காலத்தில் கிடைத்த விடையைக் காட்டுகிறது. ஆகவே இதழின் வரலாறு ஒரு தொழிலின் வரலாறாகவும் அமைகிறது.

பின்னணி

உடலை நீவுதல், பிடித்துவிடுதல், மூட்டுகளை அசைத்துப் பயிற்சி கொடுத்தல் ஆகியவை எல்லாப் பண்பாடுகளிலும் தொன்றுதொட்டு இருந்து வருபவை. ஐரோப்பாவில் இவற்றை முறைப்படுத்திக் கற்பிக்கும் முயற்சிகளுள் முதன்மையானது சுவீடனைச் சேர்ந்த பேர் என்றிக் லிங் என்பவருடையது. அவர் 1813 ஆம் ஆண்டில் இசுடாக்கோம் நகரில் நடுவண் உடற்பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கு உருவான முறைகள் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் பரவின.

அக்காலத்தில் இங்கிலாந்தில் உடற்பிடிப்புச் (மசாஜ்) சிகிச்சை அளிப்பவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்குப் பொதுவான பாடத்திட்டமோ தேர்வோ இருக்கவில்லை. 1894 ஆம் ஆண்டில் இலண்டனில் உடற்பிடிப்பு நிலையங்கள் என்ற பெயரில் பாலியல் தொழில் நடைபெறுவதாகப் பிரித்தானிய மருத்துவ இதழ் எச்சரித்தது. இந்தச் செய்தி, நேர்மையாகத் தொழில் செய்து வந்த செவிலியரின் நற்பெயரையும் பாதித்தது.

இதற்கு விடையாக, லூசி மேரியான் ராபின்சன், ரோசலிண்ட் பாஜெட், எலிசபெத் ஆன் மான்லி, மார்கரெட் டோரா பாமர் ஆகிய நான்கு பெண்கள் 1894 இல் பயிற்சி பெற்ற உடற்பிடிப்புப் பெண்கள் சங்கத்தை அமைத்தனர். நால்வரும் செவிலியராகவும் மகப்பேற்றுத் தாதியராகவும் பயிற்சி பெற்றவர்கள். சங்கம் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்கியது. அதன் தொடக்ககால விதிகள் பின்வருமாறு அமைந்தன:

* மருத்துவரின் ஆணையின்றி எச்சிகிச்சையும் அளிக்கக் கூடாது.
* மருத்துவர் தனியே கேட்டுக்கொண்டால் அன்றி ஆண்களுக்குப் பொது உடற்பிடிப்பு செய்யக் கூடாது.
* மருத்துவ இதழ்கள் தவிர வேறு எங்கும் விளம்பரம் செய்யக் கூடாது.
* நோயாளிகளுக்கு மருந்து விற்கக் கூடாது.

இவ்விதிகள் உறுப்பினர்களின் உரிமைகளைக் குறைத்தன. ஆயினும் அவர்களுடைய பெயரைக் காத்தன. மருத்துவர்களின் ஆதரவும் இதனால் கிடைத்தது. 1900 ஆம் ஆண்டில் சங்கம் சட்டப்படி பதிவு பெற்றுக் கூட்டிணைந்த சங்கம் ஆனது.

இதழின் தொடக்கம்

சங்கத்துக்கு முதல் இருபது ஆண்டுகளில் சொந்த இதழ் இருக்கவில்லை. ரோசலிண்ட் பாஜெட் தொடர்பு கொண்டிருந்த நர்சிங் நோட்ஸ் என்ற செவிலியர் இதழில் அதன் செய்திகள் இடம்பெற்றன.

1914 இல் தொடங்கிய முதலாம் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. எலும்பு முறிவு, நரம்புக் காயம், உறுப்பிழப்பு ஆகியவற்றோடு திரும்பிய வீரர்களுக்கு நீண்டகாலச் சிகிச்சை தேவைப்பட்டது. அல்மெரிக் பாஜெட் என்பவரும் அவருடைய மனைவியும் 1914 ஆகத்து மாதத்தில் 50 உடற்பிடிப்பாளர்களைக் கொண்ட ஒரு படைப்பிரிவுக்கு நிதி அளித்தனர். போர் முடிவதற்குள் இப்பிரிவு பலமடங்கு பெருகியது. போரில் பார்வை இழந்த வீரர்களும் இத்தொழிலுக்குப் பயிற்றுவிக்கப்பட்டனர். மருத்துவர் தனியே கேட்டுக்கொண்டால் அன்றி ஆண்களுக்குப் பொது உடற்பிடிப்பு செய்வதைத் தடை செய்திருந்த ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள் இப்பொழுது இராணுவ மருத்துவமனைகளில் வேலை செய்ய வேண்டியதாயிற்று.

உறுப்பினர்கள் பல ஊர்களிலும் முகாம்களிலும் சிதறி இருந்தனர். 1915 ஆம் ஆண்டில் சங்கம் தன் சொந்த இதழைத் தொடங்கியது. தேர்வு பற்றிய அறிவிப்பு, வேலை வாய்ப்பு, சங்கச் செய்தி, மருத்துவர்களின் சொற்பொழிவு ஆகியவை இத்தகைய தொடக்ககாலச் சங்க இதழ்களின் வழக்கமான உள்ளடக்கம் ஆகும். ஆய்வுக் கட்டுரை என்று இன்று அழைக்கப்படும் வடிவம் அப்போது இத்துறையில் தோன்றியிருக்கவில்லை.

பெயர் மாற்றங்கள்

இதழின் பெயர் சங்கத்தின் பெயரைப் பின்பற்றியே மாறி வந்தது.

* 1915: பயிற்சி பெற்ற உடற்பிடிப்புப் பெண்கள் கூட்டிணைந்த சங்கத்தின் இதழ்
* 1920 ஐ அடுத்து: உடற்பிடிப்பு மற்றும் மருத்துவ உடற்பயிற்சிப் பட்டயச் சங்கத்தின் இதழ்
* 1940களின் நடுவில்: இயன்முறை மருத்துவப் பட்டயச் சங்கத்தின் இதழ்
* 1948 முதல்: பிசியோதெரப்பி

1920 ஆம் ஆண்டில் சங்கத்துக்கு அரச பட்டயம் கிடைத்தது. அதே காலத்தில் மான்செசுட்டரை மையமாகக் கொண்ட உடற்பிடிப்பு மற்றும் சிகிச்சை உடற்பயிற்சி நிறுவனம் அதனுடன் இணைந்தது. ஆண்களும் உறுப்பினர் ஆயினர். "பெண்கள்" என்ற சொல் பெயரிலிருந்து நீங்கியது. "உடற்பயிற்சி" என்ற சொல் சேர்ந்தது.

1920களிலும் 1930களிலும் மின்சாரம், வெப்பம், ஒளி, நீர் ஆகியவற்றைப் பயன்படுத்தும் சிகிச்சைகள் பெருகின. உடற்பிடிப்பு இவற்றுள் ஒன்றாக மட்டுமே நின்றது. இயற்பியல் முறைகளால் செய்யப்படும் மருத்துவம் என்ற பொருளைத் தரும் பிசியோதெரப்பி என்ற சொல் பொருத்தமாகக் கருதப்பட்டது. 1944 இல் சங்கம் இன்றைய பெயரை ஏற்றது.

1948 இல் ஐக்கிய இராச்சியத்தில் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. அதே ஆண்டில் இதழ் பிசியோதெரப்பி என்ற ஒற்றைச் சொல்லைப் பெயராகக் கொண்டது. சங்கத்தின் பெயர் முதன்முறையாக இதழின் தலைப்பிலிருந்து விலகி, துறையின் பெயர் அவ்விடத்தைப் பெற்றது.

மருத்துவரின் ஆணையும் தொழில் தன்னுரிமையும்

பெயர்கள் மாறினாலும் 1890களின் முதல் விதி நீண்ட காலம் மாறவில்லை. எந்தச் சிகிச்சை, எத்தனை நாள், எந்த அளவில் என்பதை மருத்துவரே எழுதித் தருவார். இயன்முறை மருத்துவர் அதனை நிறைவேற்றுவார். இதழும் இந்நிலையைப் பிரதிபலித்தது. எந்தச் சிகிச்சை சிறந்தது என்பதைத் தாமே தீர்மானிக்க முடியாத ஒரு தொழிலுக்கு, அதனைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு தேவையானதாகவும் தோன்றாது. தேவைப்பட்டது செய்முறை விளக்கமே ஆகும்.

இந்நிலை 1970களில் மாறியது. 1976 இல் ஆத்திரேலிய இயன்முறை மருத்துவச் சங்கம், மருத்துவரின் பரிந்துரை கட்டாயம் என்ற தன் ஒழுக்க விதியை நீக்கியது. 1977 இல் ஐக்கிய இராச்சிய சுகாதாரத் துறை வெளியிட்ட ஒரு சுற்றறிக்கை, சிகிச்சையின் தன்மையையும் கால அளவையும் தீர்மானிக்கும் பொறுப்பு சிகிச்சையாளருக்கு உண்டு என ஏற்றுக்கொண்டது. அதே காலத்தில் பட்டப்படிப்புகளும் தொடங்கின. 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டில் இயன்முறை மருத்துவம் பட்டதாரிகள் மட்டுமே நுழையும் தொழிலாக மாறியது.

தீர்மானிக்கும் உரிமையுடன், தீர்மானத்துக்குக் காரணம் காட்டும் கடமையும் வந்தது. எனவே இதழின் பணியும் மாறியது. 1995 இல் சங்கம் பிரண்ட்லைன் என்ற செய்தி இதழைத் தனியே தொடங்கியது. இது இந்தியாவில் வெளிவரும் அதே பெயருடைய அரசியல் இதழினின்றும் வேறானது. சங்கச் செய்திகளும் வேலை விளம்பரங்களும் அதற்குச் சென்றன. பிசியோதெரப்பி, துறை வல்லுநர்களின் மதிப்பாய்வுக்குப் பின் கட்டுரைகளை வெளியிடும் ஆய்விதழாகத் தொடர்ந்தது. பின்னர் எல்செவியர் நிறுவனத்தின் வழியாக வெளிவரத் தொடங்கியது.

சான்றுகளின் காலம்

1990களில் மருத்துவம் முழுவதும் "சான்றுகளை அடிப்படையாகக் கொண்ட மருத்துவம்" என்ற நோக்கு பரவியது. ஒரு சிகிச்சை பல ஆண்டுகளாக அளிக்கப்பட்டு வருகிறது என்பது அது பயன்தருகிறது என்பதற்குச் சான்று ஆகாது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சிகிச்சையும் மற்றதற்குப் போலிச் சிகிச்சையும் அளித்து ஒப்பிட வேண்டும். இதனைச் சமவாய்ப்புக் கட்டுப்பாட்டு ஆய்வு என்பர்.

இவ்வாறு சோதித்தபோது, இத்துறையின் பழகிய கருவிகளே கேள்விக்கு உள்ளாயின. மீயொலிச் சிகிச்சை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வலியுள்ள இடத்தில் பசை தடவி, ஒலி அலைகளை வெளியிடும் தலைப்பகுதியால் தேய்க்கும் இச்சிகிச்சை உலகெங்கும் வழக்கத்தில் இருந்தது. 2001 இல் வால்மா ராபர்ட்சன், கெரி பேக்கர் ஆகியோர் 1975 முதல் 1999 வரை வெளியான 35 ஆய்வுகளை மீளாய்வு செய்தனர். அவற்றுள் 10 மட்டுமே ஏற்கத்தக்க முறையில் செய்யப்பட்டிருந்தன. அந்தப் பத்தில் எட்டு ஆய்வுகள், மீயொலி போலிச் சிகிச்சையைவிட மேலானது அல்ல எனக் காட்டின. இம்மீளாய்வு வெளியானது அமெரிக்க இயன்முறை மருத்துவச் சங்கத்தின் சொந்த இதழிலேயே ஆகும்.

ஒரு தொழிற்சங்கத்தின் இதழ் தன் உறுப்பினர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் கருவிக்கு எதிரான சான்றை அச்சிடுவது எளிதான செயல் அன்று. 1894 இல் சங்கங்கள் நற்பெயரைக் காக்கத் தோன்றின. நூறு ஆண்டுகளுக்குப் பின், நற்பெயரைக் காக்கும் வழி தன் வழக்கங்களைத் தானே சோதிப்பது என்றாயிற்று.

1999 இல் சிட்னி நகரில் தொடங்கப்பட்ட பீட்ரோ என்ற தரவுத்தளம், இத்தகைய ஆய்வுகளைத் திரட்டி ஒவ்வொன்றின் தரத்துக்கும் புள்ளி வழங்கி, இணையத்தில் கட்டணமின்றி அளித்து வருகிறது.

பிற நாடுகளின் சங்க இதழ்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1921 ஆம் ஆண்டில் மேரி மக்மில்லன் தலைமையில் பெண்கள் சங்கம் ஒன்று தோன்றியது. பி. டி. ரிவ்யூ என்ற அதன் இதழ் அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளிவந்தது. இதுவும் பலமுறை பெயர் மாறி 1964 இல் பிசிக்கல் தெரப்பி என்ற பெயரைப் பெற்றது. இங்கும் சங்கத்தின் முதல் பெயரில் இருந்த "பெண்கள்" என்ற சொல் விரைவில் நீங்கியது. நாடுகள் வேறாயினும் பெயர் மாற்றங்களின் போக்கு ஏறத்தாழ ஒன்றாகவே உள்ளது.

ஆத்திரேலியச் சங்கத்தின் இதழ் 1954 இல் தொடங்கியது. 2010 இல் அது "ஆத்திரேலிய" என்ற அடைமொழியைக் கைவிட்டு ஜர்னல் ஆஃப் பிசியோதெரப்பி ஆனது. 2014 முதல் அதன் கட்டுரைகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். கட்டுரை வெளியிடுவோரிடமும் கட்டணம் பெறப்படுவதில்லை. செலவைச் சங்கம் ஏற்கிறது. 2020 இல் கோவிட்-19 தொற்று பரவியபோது, மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவர்கள் பின்பற்ற வேண்டிய வழிகாட்டுதல்கள் இவ்விதழில் வெளிவந்து பல மொழிகளில் பெயர்க்கப்பட்டன.

1951 இல் 11 நாடுகளின் சங்கங்கள் இணைந்து உலக இயன்முறை மருத்துவக் கூட்டமைப்பை அமைத்தன. ஐக்கிய இராச்சியச் சங்கம் அவற்றுள் ஒன்று. இக்கூட்டமைப்பின் முதல் மாநாடு 1953 இல் இலண்டனில் நடைபெற்றது.

இந்தியாவில்

இந்தியாவில் இயன்முறை மருத்துவக் கல்வி 1950களின் தொடக்கத்தில் மும்பையின் கே. ஈ. எம். மருத்துவமனையில் உலக சுகாதார அமைப்பின் உதவியுடன் தொடங்கியது. இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் மறுவாழ்வு அன்றைய முதன்மைத் தேவையாக இருந்தது. 1955 இல் இந்திய இயன்முறை மருத்துவர்கள் சங்கம் நிறுவப்பட்டது. 1967 இல் அது உலகக் கூட்டமைப்பில் உறுப்பினர் ஆனது.

தமிழ்நாட்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி இத்துறைக்குக் குறிப்பிடத்தக்க பங்கு அளித்தது. 1940களின் இறுதியில் பால் பிராண்ட் அங்கு தொழுநோயால் மடங்கிப் போன விரல்களைச் சீரமைக்கும் அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார். இடம் மாற்றிப் பொருத்தப்பட்ட தசைநாணுக்குப் புதிய வேலையைக் கற்பிக்க, அறுவைக்கு முன்னும் பின்னும் பயிற்சி அவசியமாயிற்று. பயிற்சி இன்றேல் அறுவையால் பயன் இல்லை. 1960களில் மேரி வர்கீசு அக்கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தார். அவர் விபத்தினால் இரு கால்களும் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே பணிபுரிந்த மருத்துவர் ஆவார்.

இந்தியச் சங்கமும் தனக்கென ஓர் ஆய்விதழ் வெளியிடுகிறது. பிசியோதெரப்பி - இந்திய இயன்முறை மருத்துவர்கள் சங்க இதழ் என்ற பொருளுடைய அதன் பெயரில், பிரித்தானிய இதழின் தாக்கம் வெளிப்படையாகவே தெரிகிறது. இதன் மொழி ஆங்கிலம் ஆகும்.

நாடு முழுவதற்கும் பொருந்தும் சட்ட ஏற்பு இந்தியாவில் மிகத் தாமதமாகவே வந்தது. சார் மற்றும் சுகாதாரப் பணித் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021 இல் இயற்றப்பட்டு, இயன்முறை மருத்துவத்தையும் உள்ளடக்கியது. இயன்முறை மருத்துவர்கள் தம் பெயருக்கு முன் "டாக்டர்" என்று எழுதலாமா என்ற விவாதம் 2025 ஆம் ஆண்டிலும் எழுந்தது. பிரித்தானிய இதழின் பழைய தலைப்புகளில் காணப்படும் பெயர்ச் சிக்கலின் இந்திய வடிவம் என இதனைக் கொள்ளலாம்.

ஆய்விதழ்களும் கிராமப்புறச் சிகிச்சையும்: தருமபுரி வட்டாரம்

சங்க இதழ்களில் வெளியாகும் அறிவு யாருக்குத் தேவைப்படுகிறது என்பதை விளங்கிக்கொள்ளத் தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டம் நல்ல எடுத்துக்காட்டு ஆகும். இம்மாவட்டத்திலும், 2004 பெப்ரவரி 9 அன்று இதிலிருந்து பிரிக்கப்பட்ட கிருட்டிணகிரி மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதியாக உள்ள பகுதிகள் பல உள்ளன. குடிநீரில் ஒரு இலிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கலாகாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல். இவ்வளவைவிட மிகுந்த நீரைப் பல்லாண்டுகள் குடித்தால் முதலில் பற்களில் கறை படியும். பின்னர் எலும்புகள் தடித்து, மூட்டுகளும் முதுகெலும்பும் இறுகும். குனிவதும் நிமிர்வதும் கழுத்தைத் திருப்புவதும் கடினமாகும். இதற்கு எலும்புப் புளோரோசிஸ் என்று பெயர்.

இந்நோய்க்குத் தீர்வு நல்ல நீரே. யப்பான் நாட்டு நிதியுதவியுடன் நிறைவேற்றப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013 இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே இறுகிய மூட்டை நல்ல நீர் இளக்காது. எஞ்சியுள்ள அசைவைக் காப்பதும், வலியைக் குறைப்பதும், அன்றாட வேலைகளைச் செய்ய வழி காட்டுவதும் இயன்முறை மருத்துவத்தின் பணியாகும். எந்தப் பயிற்சி பயன்தரும், எது தராது என்பதைத் தெரிந்துகொள்ளச் சிகிச்சையாளர் ஆய்வுகளையே நாட வேண்டும்.

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகத்து 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளை வீட்டுக்கே கொண்டு சேர்ப்பதோடு, இயன்முறை மருத்துவமும் வீட்டிலேயே அளிக்கப்படுவது இதன் சிறப்பு ஆகும். பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் முதியவரின் வீட்டுக்குச் செல்லும் இயன்முறை மருத்துவரிடம் பெரிய கருவிகள் இருப்பதில்லை. அவர் பெரிதும் நம்பியிருப்பது தம் கைகளையும், குடும்பத்தாருக்குக் கற்றுத் தரும் பயிற்சிகளையும், தம் தீர்மானத்தையும் ஆகும். அருகில் கேட்டுத் தெரிந்துகொள்ள மூத்த வல்லுநர் இல்லாதபோது ஆய்விதழ் அவ்விடத்தை ஓரளவு நிரப்புகிறது.

இங்கு இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது கட்டணம். சந்தா செலுத்தும் பல்கலைக்கழகத்தையோ சங்கத்தையோ சாராதவர் பல இதழ்களின் கட்டுரைச் சுருக்கத்தை மட்டுமே படிக்க முடியும். திறந்த அணுக்க இதழ்கள் இத்தடையைக் குறைத்துள்ளன. இரண்டாவது மொழி. ஆய்விதழ்கள் ஆங்கிலத்தில் உள்ளன. பயிற்சியைச் செய்யப்போகும் நோயாளியோ தமிழில்தான் கேட்கிறார். "மூட்டை மடக்கி நீட்டுங்கள்" என்று சொல்வது எளிது. மீயொலிச் சிகிச்சையைவிட நாள்தோறும் நடப்பது ஏன் நல்லது என்பதை விளக்க, கருத்தும் சொல்லும் தமிழில் இருக்க வேண்டும்.

1915 இல் இலண்டனில் தொடங்கிய இதழ், ஊர்தோறும் தனித்தனியே பணியாற்றியவர்களை ஒன்றிணைப்பதற்காகத் தோன்றியது. உலக இயன்முறை மருத்துவ நாள் ஆண்டுதோறும் செப்டம்பர் 8 அன்று கொண்டாடப்படுகிறது. அந்நாளை ஒட்டி உலகக் கூட்டமைப்பு வெளியிடும் விளக்கத் துண்டறிக்கைகளும் சுவரொட்டிகளும் பல மொழிகளில் மொழிபெயர்க்கப்படுகின்றன.